இடது கை மீன்

தையலக்காவுக்கு மீன் என்றாலே ஆகாது. அதன் வாசனை ஆகாது, செதில் ஆகாது, கண்ணை மூடாமல் அது முறைத்துப் பார்ப்பது சுத்தமாக ஆகாது. அப்படிப்பட்டவள் குளிர் விலகாத காலை வேளையில், ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு வலையோடு ஆற்றங்கரையில் நிற்கிறாள் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அந்தக் காரணம் தண்ணீருக்குள் தொடையளவில் நின்றுகொண்டு, செடியில் மாட்டிய தூண்டில் கயிற்றை இழுத்தபடி செடியின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தது.

அவரை எல்லோரும் பெயிண்டர் என்பார்கள். அவர் வர்ணம் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். இதை நான் சொல்லவில்லை, தையலக்கா சொல்வது. அவளுடைய தையல் கடைக்கு ஜிப் மாற்ற வந்தாலும் சரி, கால்சட்டை நீளம் குறைக்க வந்தாலும் சரி, முதலில் புருஷன் புராணம், அப்புறம்தான் டேப்பை எடுப்பாள். யாராவது கிண்டல் செய்தால், "பெருமையா இருக்கு, சொல்றேன். உங்களுக்கு எரிஞ்சா போய்த் தண்ணி குடிங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அவள் தைத்துக் கொடுத்தால் பிரியாது என்பதால் யாரும் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவதும் இல்லை.

அந்த மனுஷனுக்குத்தான் போன வருஷம் மீன்பிடிப் பருவம் முடிந்த கையோடு பக்கவாதம் வந்தது. யார் வீட்டிலோ மாடிப்படிக் கைப்பிடிக்கு இரண்டாம் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். பிரஷ் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கலாம் என்று குனிந்தார், வலது கை கூடவே வரவில்லை. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேச்சும் போகவில்லை. அவரிடம் அதிகமாகத் திட்டு வாங்கும் தையலக்காவின் தம்பி, "பேச்சு மட்டும் கொஞ்ச நாள் லீவு போட்டிருக்கலாம்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொல்லி அக்காவிடம் அறை வாங்கினான். வலது கை மட்டும் தோளுக்குக் கீழே யாரோ விட்டுவிட்டுப் போன சாமான் மாதிரி தொங்கியது.

குளிர்காலத்தில் பாதி முழுக்க மனுஷன் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டுச் சுவரில் வர்ணம் உரிந்துகொண்டிருந்தது. முன்னே என்றால் அதைப் பார்த்துவிட்டு அவருக்குச் சோறு இறங்கியிருக்காது, இப்போது பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். தையலக்காவைக் கலங்கடித்தது கை அல்ல, அதுதான்.

ஒருநாள் அவராகவே எழுந்தார். பரணிலிருந்த தூண்டில் கோலை இறக்கச் சொன்னார். கொல்லைப்புறம் போய் இடது கையால் வீசிப் பார்த்தார். கயிறு அவர் கழுத்தையே சுற்றியது. மறுநாள் துணிக்கொடியில் மாட்டியது. கோலை ஒரு கையால் வீசும்போது இன்னொரு கை கயிற்றைப் பிடித்து விட்டும் இழுத்தும் கொடுக்க வேண்டுமாம். அந்த இன்னொரு கைக்கு எங்கே போவது? மனுஷன் யோசித்தார். கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டார். அன்றிலிருந்து வீசும் நேரம் மட்டும் வீட்டில் திட்டுச் சத்தம் கேட்பதில்லை.

இதற்கு நடுவில் தையலக்காவுக்கு வேறு வேலை வந்து சேர்ந்தது. அந்த ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்கப் புழு கூடாது, மாவு கூடாது. சின்ன முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி மட்டும்தான். பிடித்த மீனையும் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். கல்யாணமான புதிதில், "திரும்ப விடறதுக்கா இந்தப் பாடு?" என்று கேட்டுவிட்டாள். அவர் விளக்கி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிப்போனது, அப்புறம் அவள் கேட்டதே இல்லை. பூச்சி கட்ட இரண்டு கையும் வேண்டும். ஆகையால் கடை மூடியபின் தையல் மேஜையில் அவள் கட்ட, பக்கத்தில் உட்கார்ந்து அவர் உயிரை வாங்க, மீதிக் குளிர்காலம் போனது.

"ஏய், அது பூச்சி. கல்யாணப் பொண்ணு இல்லே. இவ்வளவு அலங்காரம் எதுக்கு?"

"நான் கட்டினா அழகாத்தான் வரும். மீனுக்குப் பிடிக்கலேன்னா அதுக்கு ரசனை இல்லேன்னு அர்த்தம்."

"இறகைக் குறை."

"முள்ளு குத்தினது என் விரல்லே. வாயைக் குறைங்க."

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே குண்டைத் தூக்கிப் போட்டார். "மீன்பிடிக்க ஆறு திறக்கற முதல் நாள் ஒரு மீன் பிடிக்கணும். ஒண்ணே ஒண்ணு. என் இடது கையால. கிடைக்கலேன்னா இந்தக் கோலை யாருக்காவது குடுத்துடு. பிரஷ், ஏணி எல்லாத்தையும் சேர்த்துக் குடுத்துடு. நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

சும்மா சொல்கிறார் என்று நினைக்க வழியில்லை. சொன்ன சொல் தவறாத ஆள். அந்தக் குணத்தையும் அவள் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்திருக்கிறாள். இப்போது அதுவே அவளுக்கு வினையாகிவிட்டது.

தம்பிக்கு மீன் பண்ணையில் வேலை. பெயருக்குத்தான் தம்பி, ஆள் நின்றால் வாசல் அடைபடும். பண்ணையில் டிரவுட் குஞ்சு வளர்த்து, மீன்பிடிக் குளங்களுக்கு அனுப்புவார்கள். முதல் நாளுக்கு முந்தின நாள் மதியம் தையலக்கா அவனைக் கடைக்கு வரவழைத்து, கதவைச் சாத்தினாள்.

"பண்ணையிலேர்ந்து நாலு மீன் வேணும்டா. கேட்டு வாங்கிக்கோ. இன்னிக்குச் சாயங்காலம் ஆத்துல, மாமா எப்பவும் தூண்டில் போடற மடுவு இருக்கில்லே, வளைவுல, பெரிய பாறைக்குக் கீழே? அங்கே விட்டுடு."

தம்பி வாயைப் பிளந்தான். "ஆத்துல பண்ணை மீனை விடக் கூடாதுக்கா. மாமாவுக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவாரு."

"தெரியாது. நாலே நாலுதானே?"

"அதில்லேக்கா..."

"நாளைக்கு அவருக்கு ஒண்ணும் கிடைக்கலேன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போடா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை வாசலுக்குத் தள்ளினாள். போனான். நல்ல பசியில் இருக்கிற மீனாகப் பார்த்துப் பொறுக்கி வாளியில் போட்டு, சாயங்காலமே காரியத்தை முடித்துவிட்டு வந்தான்.

இதுதான் தையலக்கா கரையில் நின்ற கதை.

பெயிண்டர் வழக்கப்படி ஆற்றின் கீழ்ப்பக்கம் ஆரம்பித்து மேலே மேலே போனார். வெயில் ஏறினால்தான் மடுவில் பூச்சி பறக்குமாம், அதனால் அதைக் கடைசிக்கு வைத்திருந்தார். தூண்டிலில் முதலில் மாட்டியது செடி. அப்புறம் தன் தொப்பி. அப்புறம் தம்பியின் சட்டைக் காலர். "கிட்ட வராதேன்னு சொன்னேன் இல்லே மச்சான்?" என்று பல்லிடுக்கில் வந்த சத்தம் தம்பிக்கு மட்டும்தான் புரிந்தது, பழக்கம். மேலே கீழே நின்ற மற்ற தூண்டில்காரர்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். தையலக்காவுக்கு அவர்கள் கண்ணை நோண்டிவிடலாம் போல இருந்தது.

ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வீச்சு சரியாகி வந்தது. கோல் பின்னால் போய் ஒரு நொடி நின்றது, முன்னால் வந்தது, கயிறு நீளமாக விரிந்து தண்ணீர்மேல் சத்தமே இல்லாமல் படிந்தது. மீன்பிடியில் அரிச்சுவடி தெரியாத தையலக்காவுக்கே அது நேர்த்தி என்று தெரிந்தது. ஓரம் அடிக்கும்போது துணி ஒரே சீராக ஓடினால் அவளுக்குள் ஒரு சந்தோஷம் வரும், அந்த மாதிரி. இவ்வளவு வருஷம் வலது கையால் இதைச் செய்தபோது ஒருநாளாவது கூட வந்து பார்த்தோமா என்று தன்மேலேயே கோபம் வந்தது. பக்கத்தில் கரையில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், "அது என் வீட்டுக்காரர். இடது கை" என்றாள். கேட்காமலே சொன்னாள். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

மீன் மட்டும் வரவில்லை. பரவாயில்லை, மடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தாள். தம்பி ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபடி பக்கத்தில் அமர்ந்தான்.

"ஏன்டா, பிடிச்சா அது உங்க மீனா, ஆத்து மீனான்னு எப்படித் தெரியும்?" சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"அது சுலபம்க்கா. முதுகுல, வாலுக்குக் கொஞ்சம் முன்னாடி சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துடுப்பு இருக்கும். பண்ணை மீனுக்கு அதைக் குஞ்சா இருக்கும்போதே வெட்டிடுவோம். அடையாளத்துக்கு. தினமும் என் வேலையே அதான்."

தையலக்கா டீ ஊற்றுவதை நிறுத்தினாள். "இது மாமாவுக்குத் தெரியுமா?"

"மாமாவுக்கா? நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே எனக்குச் சொன்னதே..." தம்பியின் தாடை அப்படியே நின்றது. ரொட்டி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நாள் முழுக்கத் துடுப்பு இல்லாத மீனையே பார்க்கிறவனுக்கு மீன் என்றால் அப்படித்தான் இருக்கும் போல. அது ஒரு குறை என்றே அவன் மண்டையில் உறைக்கவில்லை.

"அடப்பாவி!"

"நீதானேக்கா கேட்டே..."

"நான் துணி வெட்டறவ! நீ துடுப்பு வெட்டறவன்! உனக்குத் தோண வேண்டாமா?"

கதை கந்தலாகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. மீன் கிடைக்காமல் போனாலாவது அவர் ஆற்றைத் திட்டலாம், கையைத் திட்டலாம். அந்தத் துடுப்பில்லாத மீன் ஒன்று கையில் வந்தால்? பெண்டாட்டியும் மச்சானும் சேர்ந்து தனக்குப் பிச்சை போட்டிருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதற்கப்புறம் அவர் எந்தக் கோலையும் தொடமாட்டார், இவள் முகத்தையும் பார்க்கமாட்டார். நிமிர்ந்து பார்த்தாள். பெயிண்டர் வளைவைத் தாண்டி, மடுவுக்கு நேராக நின்று, கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டிருந்தார்.

"என்னங்க! அங்கே வேண்டாங்க!"

அவர் திரும்பி முறைத்தார். வாயைத் திறக்க முடியாது, புருவத்தால் ஏன் என்று கேட்டார்.

"அங்கே... அங்கே ஆழம்! வழுக்கும்!"

புருவம், போடி என்றது. கோல் பின்னால் போனது.

தம்பி எழுந்தான். பாறைமேல் ஏறினான். "மாமா, கீழே ஏதோ..." என்று ஆரம்பித்து, கால் வழுக்கினாற்போல ஒரு பாவனை செய்து, அவ்வளவு பெரிய உடம்பையும் நடு மடுவில் தொப்பென்று போட்டான். ஆற்றில் பாதி கரைக்கு வந்துவிட்டுப் போனது. பனிக்கட்டி உருகி வந்த தண்ணீர் அது. அவன் போட்ட கூச்சல் மட்டும் நடிப்பு இல்லை.

பெயிண்டர் பல்லிலிருந்த கயிற்றை விட்டார். காலையிலிருந்து வாய்க்குள் அடைபட்டதெல்லாம் ஒட்டுமொத்தமாக வெளியே வந்தது. எருமை கூட இப்படி இறங்காது என்றார். குளிக்கணும்னா உங்க வீட்டுல குழாய் இல்லையா என்றார். இனி அந்த மடுவில் பொழுது சாய்கிற வரைக்கும் ஒரு மீனும் தலைகாட்டாது என்றார். அதைக் கேட்டு அக்காவும் தம்பியும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பெயிண்டர் கோபத்தோடு மடுவைத் தாண்டி மேலே நடந்தார். அங்கே ஆறு அகன்று, கூழாங்கற்கள்மேல் முழங்கால் அளவில் சலசலத்து ஓடியது. யாரும் அங்கே நிற்பதில்லை. அவர் நின்றார். வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார். ஒரு கல்லுக்குப் பின்னால் கையகலத்துக்கு நீரோட்டம் அமைதியாக இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே கயிற்றை அனுப்பினார். பூச்சி மிதந்து வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடி.

தண்ணீர் லேசாகக் கொப்பளித்தது. பூச்சியைக் காணோம்.

கோல் வளைந்தது. பெயிண்டர் பல்லைத் திறந்தார், ரீல் கிறீச்சென்று அலறியது, கயிறு ஓடியது. மீன் எதிர்க்கரைப் பக்கம் போனது, திரும்பியது, குதித்து ஒரு நொடி வெயிலில் மின்னியது. அவர் கோலை வலது அக்குளில் செருகினார். வெறுமனே தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கையின் தோள், இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கோலை விலாவோடு அணைத்துப் பிடித்தது. இடது கை ரீலைச் சுற்றியது. விட்டது. சுற்றியது.

"வலை!" என்று கத்தினார்.

தம்பி ஓடினான். "நீ இல்லே! அவ!"

தையலக்கா பூட்ஸுக்குள் தண்ணீர் புக, தட்டுத்தடுமாறி உள்ளே இறங்கினாள். அவள் மனசு முழுக்க ஒரே ஒரு நினைப்புதான். மீனுக்கு வேலியா போட்டிருக்கிறது? நேற்று மடுவில் விட்டது ராத்திரி நீந்தி இங்கே வந்திருக்காது என்று என்ன நிச்சயம்? தம்பி குதித்த குதியில் பயந்து மேலே ஓடி வந்திருந்தால்? வேண்டாம் என்று கும்பிட்டுக்கொண்டே வலையை நீட்டினாள். அவர் மீனை மெல்ல வலைக்குமேல் கொண்டுவந்தார். அவள் தூக்கினாள்.

நீளத்தைப் பார்க்கவில்லை, புள்ளிகளைப் பார்க்கவில்லை. வலைக்குள் தலையைவிட்டு முதுகைத் தேடினாள். மீன் புரண்டது. மறுபடி புரண்டது. வாலுக்குக் கொஞ்சம் முன்னால், நகமளவுக்கு, முழுசாக, ஈரத்தில் பளபளவென்று ஒரு துடுப்பு.

"இருக்கு!" என்று அலறினாள். "டேய், இருக்குடா!" கரையில் சொட்டச் சொட்ட நின்றிருந்த தம்பி குளிரையும் மறந்து துள்ளினான். தையலக்கா அழுதாள், சிரித்தாள், வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு மீனைப் பார்த்து, "என் ராஜா" என்றாள்.

பெயிண்டர் அவளை விநோதமாகப் பார்த்தார். "எது இருக்கு? குனிஞ்சு என்னத்தைத் தேடினே?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் இவ்வளவு நேர்மையாக வந்த மீனுக்குப் பக்கத்தில் ஒரு பொய்யை வைப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. "துடுப்பு" என்றாள். "நேத்து சாயங்காலம் மடுவுல நாலு பண்ணை மீனை விட்டிருக்கோம். உங்களுக்காக."

பெயிண்டர் வலையைத் தண்ணீருக்குள் தாழ்த்தச் சொல்லி, இடது கையாலேயே முள்ளைக் கழற்றி, மீனை நீரோட்டத்துக்கு எதிராகக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அது வாலை ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போயிற்று.

"யாரு யோசனை?"

"என்னுது மாமா" என்றான் தம்பி, பல் கிடுகிடுக்க.

"பொய். என்னுது" என்றாள் அவள்.

"என் கைமேல உனக்கு அவ்வளவுதான் நம்பிக்கையா?" கேட்டுவிட்டு அவர் ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"கைமேல நம்பிக்கை இருந்தது. ஆத்து மேலதான் இல்லே. ரெண்டு கையும் நல்லா இருந்த காலத்துலயே எத்தனை நாள் வெறுங்கையோட வந்து நின்னிருக்கீங்க? ஆறு ஒருநாள் குடுக்கலேன்னா நீங்க பாட்டுக்கு ஜன்னலோரம் உக்காந்துடுவீங்க. அதுக்காக நான் என் புருஷனை விட்டுக் குடுக்கணுமா? மாட்டேன். நாலு என்ன, நானூறு மீனை விட்டிருப்பேன்."

பெயிண்டர் அவளைப் பார்த்தார், நனைந்த பாவாடையைப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்திருந்த வலையைப் பார்த்தார். அப்புறம் மடுப் பக்கம் திரும்பினார்.

"நாலா?"

"நாலு."

"பண்ணை மீன் இந்த ஆத்துல இருக்கக் கூடாது. நாலையும் வெளியே எடுத்தாகணும்."

"யாரு எடுக்கறது?"

"யாரா? உன் தம்பியா எடுப்பான்? நான்தான் எடுக்கணும். நாளைக்கு வரேன். ஒரு மாசம் ஆனாலும் சரி, தினம் வரேன்." சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான்.

தம்பி அக்காவின் காதருகே வந்து, "பேசாம பத்தா விட்டிருக்கலாம்" என்றான். வலையாலேயே அவன் முதுகில் ஒன்று போட்டாள்.

மூவரும் கரையேறியபோது, காலையில் பார்க்காத மாதிரி பார்த்த தூண்டில்காரர்களில் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். "என்ன பெயிண்டர், ஏதாவது கிடைச்சுதா?" என்றார் ஒருவர், இல்லை என்ற பதிலுக்கு இப்போதே வருத்தப்பட்ட முகத்தோடு.

"ஒண்ணு" என்றார் பெயிண்டர். "ஆத்து மீன்."

"எவ்வளவு பெரிசு?"

பெயிண்டர் கோலை மச்சானிடம் கொடுத்துவிட்டு இடது கையைத் தூக்கி, உள்ளங்கையை நிமிர்த்தி நிறுத்தினார். அது வால். தலை எங்கே என்று காட்ட இன்னொரு கை வேண்டும். வலது தோள் ஒருதடவை அசைந்தது, கை எழவில்லை. வந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

தையலக்கா பக்கத்தில் வந்து, தன் வலது கையை அவர் கைக்கு எதிரே, நன்றாகத் தள்ளி நிறுத்தினாள்.

"அவ்வளவு இல்லே" என்றார் பெயிண்டர். "கொஞ்சம் உள்ளே வா."

"முடியாது" என்றாள்.